இறுக்கம் வேறு, பிடிப்பு வேறு!

கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் சுமார் 33 கிலோமீட்டர் மலைப்பாதை. 1,400 மீட்டருக்கு மேல் இறக்கம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அது ரோடு இல்லை, திருவிழா! பெடலை மிதிக்கவே வேண்டாம். பிரேக்கைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

அந்த பிரேக்கைப் பிடித்தபோதுதான் அவனுக்கு முதல் தடவையாக அந்தச் சத்தம் கேட்டது.

"டிக்."

முன் சக்கரத்தில் இருந்து வந்தது. சின்னச் சத்தம்தான். அடுத்த வளைவில் பிரேக் பிடித்தான், மறுபடி "டிக்". பிரேக்கை விட்டான், இன்னொரு "டிக்". வளைவுக்கு வளைவு யாரோ விரலைச் சொடுக்குகிற மாதிரி கூடவே வந்தது.

ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, பையில் இருந்த ஆலன் கீயை எடுத்து முன் ஆக்சிலில் போட்டுத் திருப்பிப் பார்த்தான். ம்ஹூம். இம்மி கூட நகரவில்லை. கல் மாதிரி இறுகி இருந்தது. "இறுக்கமாத்தானே இருக்கு... அப்புறம் என்ன சத்தம்?" என்று நினைத்துக்கொண்டு மிச்ச மலையையும் இறங்கிவிட்டான்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்பது நான்கு நாள் கழித்து ஒரு துண்டு நியூஸ்பேப்பரால் தெரிந்தது.

கார்பன் ஆசை

அவன் கோவையில் பி.காம். மூன்றாம் ஆண்டு. சாயங்காலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறான். இரண்டு வருஷமாகச் சேர்த்த காசில் வாங்கியதுதான் அந்த கார்பன் ஃப்ரேம். ஃபோர்க், முன் பின் ஆக்சில்கள் எல்லாம் சேர்த்து, பெரிய பிராண்டு ஒன்றின் ஃப்ரேமில் பாதிக்கும் குறைவான விலை. சீனாவில் இருந்து நேராக வீட்டு வாசலுக்கு.

இந்த வகை ஃப்ரேம்களை 'ஓப்பன் மோல்டு' என்பார்கள். தொழிற்சாலையே அச்சு செய்து வைத்திருக்கும். யார் வேண்டுமானாலும் அந்த அச்சில் வார்த்த ஃப்ரேமை வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்கலாம். பெயரே ஒட்டாமல் கறுப்பாக அப்படியே வாங்குகிறவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். டிசைன் செலவு பலருக்குப் பங்காகிறது, விளம்பரச் செலவு இல்லை, ரேஸ் அணிக்குக் கொடுக்கும் ஸ்பான்சர் பணம் இல்லை. அதனால் விலை குறைவு. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. நன்றாக ஓடுகிற ஓப்பன் மோல்டு ஃப்ரேம்கள் எத்தனையோ உண்டு.

ஆனால் இன்னொரு செலவும் அங்கே குறைக்கப்பட்டிருந்தது. அது அவனுக்கு அப்போது தெரியாது.

ஆக்சிலுக்கு ஏன் இத்தனை அக்கறை?

பழைய சைக்கிள்களில் சக்கரத்தை இரண்டு பக்கமும் நட்டு போட்டு முடுக்குவார்கள். பிறகு குவிக் ரிலீஸ் வந்தது. ஸ்பேனரே வேண்டாம், ஒரு நெம்புகோலை மடக்கினால் சக்கரம் பிடித்துக்கொள்ளும். இதைப் புகழ்பெறச் செய்தது 1933-ல் இத்தாலியின் விசென்சா நகரில் தொடங்கிய கம்பாக்னோலோ நிறுவனம். இன்றைக்கும் ரிம் பிரேக் சைக்கிள்களுக்கு அது போதும்.

சிக்கல் டிஸ்க் பிரேக்கோடு வந்தது. ஃபோர்க்கின் கீழ் முனையில் சக்கரம் உட்காரும் இடத்துக்கு டிராப்-அவுட் என்று பெயர். குவிக் ரிலீஸ் ஃபோர்க்கில் அது கீழ்ப்பக்கம் திறந்த ஒரு வாய். டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் ஃபோர்க்கின் பின்புறம் இருப்பதால், பிரேக் பிடிக்கும்போது ஆக்சிலை அந்த வாய் வழியாகக் கீழே தள்ளுகிற விசை உண்டாகிறது. எந்த வழியாகச் சக்கரத்தை மாட்டுகிறோமோ, அதே வழியாகவே அது வெளியே போகப் பார்க்கிறது!

நெம்புகோலும் சும்மா இருக்கவில்லை. 2015 ஏப்ரலில் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து சுமார் 10 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. முன் சக்கர நெம்புகோல் சரியாக மூடப்படாமல் அளவுக்கு மேல் திறந்துகொண்டால், டிஸ்க் ரோட்டாரில் போய்ச் சிக்கிச் சக்கரத்தையே நிறுத்திவிடலாம் என்பதுதான் காரணம்.

இதற்கெல்லாம் பதிலாக வந்ததுதான் த்ரூ ஆக்சில். வாய் திறந்த டிராப்-அவுட்டுக்குப் பதில் இரண்டு பக்கமும் முழு வட்ட ஓட்டை. ஒரு தடிமனான கம்பி ஒரு பக்கம் நுழைந்து, ஹப்பைக் கடந்து, மறுபக்கம் உள்ள மரையில் ஏறும். மலை சைக்கிள்களில் முதலில் வந்து, பிறகு டிஸ்க் பிரேக்கோடு சேர்ந்து ரோடு சைக்கிளுக்கும் வந்தது. 2018 ஜூலையில் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ரோடு பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்தது. இன்றைக்கு ரோடு சைக்கிள்களில் பரவலாக இருக்கும் அளவு முன்னால் 12 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலம், பின்னால் 12 மி.மீ. தடிமன், 142 மி.மீ. அகலம்.

அப்படியானால் எல்லா 12 மி.மீ. ஆக்சிலும் ஒன்றா? இல்லை! இங்கேதான் ஆரம்பிக்கிறது தலைவலி.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள்"

வீட்டுக்கு வந்ததும் டார்க் ரென்ச்சை வைத்துப் பார்த்தான். ஆக்சிலின் தலையில் 12 நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருந்தது. 12-ல் ரென்ச் "கிளிக்" என்றது. எல்லாம் சரி.

அப்புறம்தான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சக்கரத்தை ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் டிஸ்க் ரோட்டார் வேறு வேறு மாதிரி உரசியது. ஒரு நாள் உரசாது, ஒரு நாள் "சர்ர் சர்ர்" என்று தேய்க்கும். பிரேக் காலிப்பரைத்தான் சந்தேகப்பட்டு நாலைந்து தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறான். ஒருமுறை கூட ஆக்சிலை நினைத்துப் பார்க்கவில்லை.

விற்றவருக்கு எழுதினான். வீடியோ கேட்டார்கள். அனுப்பினான். பதில் மரியாதையாகத்தான் வந்தது: தயவுசெய்து இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள்.

நல்லவேளை, அவன் இறுக்கவில்லை. கையில் இருந்தது கார்பன் ஃபோர்க். தப்பான இடத்தில் நெருக்கினால் கார்பன் வளைந்து காட்டி எச்சரிக்காது, விரிசல் விடும். அலுமினிய மரையோ சொல்லாமல் கொள்ளாமல் உருவிக்கொண்டு வரும்.

இதற்கு நடுவில் வேறு ஒரு விஷயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி இறக்கத்தில் இந்த சைக்கிளைத் தங்கைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான். அவள் முதல் வருஷம் சேர்ந்ததில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு துண்டு பேப்பர்

புதன்கிழமை, வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை. அங்கே இருக்கும் அண்ணன் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினார். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். விரலுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் ஒரு சின்ன அசைவு.

"எத்தன வெச்சு முடுக்குனீங்க தம்பி?"

"பன்னெண்டுங்ணா. ரென்ச் கிளிக் ஆச்சுங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆக்சிலைத் தளர்த்தினார். பழைய நியூஸ்பேப்பரில் ஒரு ஓரம் கிழித்து, ஆக்சில் தலைக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் செருகினார். மறுபடி 12-க்கு முடுக்கினார். "கிளிக்."

"இப்ப அந்தப் பேப்பர இழுங்க பாக்கலாம்."

இழுத்தான். வழுக்கிக்கொண்டு வந்தது. கிழியக்கூட இல்லை.

"இறுக்கம் வேற, புடிப்பு வேற தம்பி. இது இறுகிருச்சு. ஆனா எதையும் புடிக்கல."

அவனுக்கு முதுகில் வேர்த்தது. அவன் நினைத்தது தன்னைப் பற்றி இல்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

நடந்தது என்ன?

த்ரூ ஆக்சில் என்பது உண்மையில் ஒரு நீளமான போல்ட். அதன் வேலை இரண்டு பக்க டிராப்-அவுட்டையும் ஹப்போடு சேர்த்து நெரிப்பது. தலை ஒரு பக்கம் அழுத்த வேண்டும், மரை மறுபக்கம் இழுக்க வேண்டும். அப்போதுதான் கம்பி இழுவிசையில் நிற்கும், சக்கரமும் ஃபோர்க்கும் ஒரே துண்டாக நடந்துகொள்ளும். கிரீஸ் போட்ட சுத்தமான மரையில் 12 நியூட்டன் மீட்டர் என்றால், போல்ட்டுகளுக்கான வழக்கமான கணக்குப்படி ஏறக்குறைய 500 கிலோ எடை வைத்து நெரிப்பதற்குச் சமம். சாதாரண விஷயமா!

அவனுடைய ஃபோர்க்கில் மரை இருந்த ஓட்டை மறுபக்கம் மூடியிருந்தது. அண்ணன் வெர்னியரால் அளந்தார். தலை உட்காரும் பக்கத்து ஃபோர்க் கால் 11 மி.மீ., நடுவில் 100 மி.மீ., மரை ஓட்டையின் ஆழம் 12.4 மி.மீ. கூட்டினால் 123.4. ஆக்சிலின் நீளம்? 124.

0.6 மி.மீ. அதிகம். தலை ஃபோர்க்கைத் தொடுவதற்கு முன்பே நுனி ஓட்டையின் அடியில் போய் முட்டிக்கொண்டது. ரென்ச் காட்டிய 12 முழுவதும் அந்த முட்டலுக்குத்தான் செலவானது. ஹப்பை நெரிக்க மிச்சம் பூஜ்யம்.

டார்க் ரென்ச் பொய் சொல்லவில்லை. "திருப்ப இவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது" என்று மட்டும்தான் அது சொல்லும். அந்த எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது.

சக்கரம் கழன்றுவிடுமா? உடனே கழலாது. அதுதான் மூடிய ஓட்டையின் நல்ல குணம். ஆனால் பிடிப்பு இல்லாத ஹப் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு நூல் நகரும். அந்த நகர்தல்தான் "டிக்". நாள்பட்டால் அந்த ஆட்டமே ஆக்சிலை மெல்ல மெல்லத் திருப்பிக் கழற்றிவிடும், அலுமினிய மரையைத் தின்னும், டிராப்-அவுட்டையும் தேய்க்கும். எத்தனையாவது வளைவில் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதே பொய்க்கு இன்னும் நாலு முகம்

விலை குறைந்த ஃப்ரேமில் மட்டும் வரும் என்றில்லை, ஆனால் அங்கே அடிக்கடி வரும் மற்ற காரணங்களையும் அண்ணன் சொன்னார்.

1. மரை பொருந்தாமை. 12 மி.மீ. ஆக்சிலிலேயே 1.0, 1.5, 1.75 என்று மூன்று விதமான மரை இடைவெளிகள் புழக்கத்தில் உண்டு. 1.5 மரைக்குள் 1.0 ஆக்சிலை விட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும். "டைட்டாயிருச்சு" என்று தோன்றும். மேலே திருகினால் மரை காலி.

2. பெயின்ட். ஹப் உட்காரும் முகத்திலும் ஆக்சில் தலை உட்காரும் இடத்திலும் பெயின்ட் தடிமனாகப் படிந்திருந்தால், முதலில் நெரிபடுவது பெயின்ட்தான். நாலு ரைடில் அது நசுங்கியதும் இறுக்கம் குறைந்துவிடும். பெயின்டை மட்டும் பொறுமையாக எடுக்கலாம். கார்பன் இழையில் கை வைக்கக் கூடாது. அந்தத் தூசியையும் மூச்சில் இழுக்கக் கூடாது.

3. இரண்டு ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் இல்லாமை. சக்கரம் இல்லாமல் வெறும் ஆக்சிலை மட்டும் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். விரலாலேயே கடைசி வரைக்கும் சுழல வேண்டும். மரையின் வாயில் கோணலாக முட்டினால் அதை ரென்ச்சால் நேராக்க நினைப்பது வீண். அந்த ஃப்ரேமைத் திருப்பி அனுப்புவதே மேல்.

4. மரைத் துண்டு ஆடுதல். கார்பனில் நேராக மரை போட மாட்டார்கள். அலுமினியத் துண்டை ஒட்டியோ, பின்னால் என்றால் கியர் தாங்கும் ஹேங்கரோடு சேர்த்தோ வைத்திருப்பார்கள். ஒட்டிய துண்டு சுற்ற ஆரம்பித்தால் வீட்டில் பசை போட்டு ஒட்டிப் பார்க்கும் விளையாட்டெல்லாம் வேண்டாம்.

ஒரு துளி கிரீஸையும் மறக்கக் கூடாது. போல்ட்டைத் திருப்பும் பலத்தில் பெரும்பகுதி மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்வாகவே போய்விடும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நெரிக்கும் வேலைக்கு மிஞ்சும். காய்ந்த மரை என்றால் அந்த ஒரு பங்கிலும் துண்டு விழும். கார்பனும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அதற்கும் கிரீஸ் ஒரு தடுப்பு.

கணபதி லேத்தில் ஒரு வாஷர்

தீர்வு என்னவோ சின்னதுதான். கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? கணபதியில் ஒரு பட்டறையில் எஃகு வாஷர் ஒன்று கடைந்து வாங்கினான். உள்ளே 12.2 மி.மீ., வெளியே ஆக்சில் தலை அளவு, தடிமன் சரியாக 1.5 மி.மீ. இரண்டு முகமும் இணையாக இருக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார் அண்ணன். கூலி 80 ரூபாய்.

வாஷர் போட்டதும் நுனிக்கும் ஓட்டை அடிக்கும் நடுவில் 0.9 மி.மீ. இடம் கிடைத்தது. சுற்றுகளை எண்ணிப் பார்த்தார்கள். முன்பு எட்டு, இப்போது ஏழரை. மரை போதுமான அளவுக்கு ஏறுகிறது. பேப்பரைச் செருகி 12-க்கு முடுக்கி இழுத்தான். பேப்பர் கிழிந்தது. பாதி கையில், பாதி தலைக்கு அடியில்.

பேப்பர் கிழிந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் அவனாகத்தான் இருப்பான்!

விற்றவருக்கு அளவுகளை வெர்னியரோடு படம் எடுத்து அனுப்பினான். இந்தத் தடவை "இறுக்குங்கள்" என்று வரவில்லை. மூன்று வாரத்தில் 122 மி.மீ. ஆக்சில் ஒன்று இலவசமாக வந்தது.

கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதுவது?

காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் தரச் செலவுகள் என்று ஒரு பகுதி உண்டு. அர்மாண்ட் ஃபைகன்பாம் 1956-லேயே பேசிய விஷயம். தவறு நடக்காமல் தடுக்க ஆகும் செலவு, செய்த பொருளைச் சோதிக்க ஆகும் செலவு, தவறு நடந்தபின் ஆகும் செலவு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறான். அதே பகுதி சைக்கிள் ஸ்டாண்டில் வந்து நிற்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

தொழிற்சாலையில் ஒரு ஆள் ஒரு நிமிஷம் ஒதுக்கி அந்த ஆக்சிலை அந்த ஃபோர்க்கில் போட்டுப் பார்த்திருந்தால் 0.6 மி.மீ. அங்கேயே பிடிபட்டிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை மிச்சப்படுத்தியதும் விலை குறைந்ததற்கு ஒரு காரணம். ஐஎஸ்ஓ 4210 என்று சைக்கிள்களுக்குப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது. ஆனால் அது மாதிரிகளைச் சோதிக்கும். வீட்டுக்கு வந்து சேர்ந்த குறிப்பிட்ட அந்த ஒரு ஃபோர்க்கின் மரை ஆழத்தை யாரோ அளந்தார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ஆக, சோதனைச் செலவு காணாமல் போகவில்லை. விற்பவர் கணக்கில் இருந்து வாங்குபவர் கணக்குக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். டார்க் ரென்ச், வாஷர், கடைக்கு அலைந்தது, நாலைந்து முறை காலிப்பரைக் கழற்றியது... எல்லாம் அந்தச் செலவே.

நம் நாட்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16-ல் பொருள் நோக்கத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டிய நிபந்தனை எல்லாம் உண்டு. கடல் தாண்டி இருக்கும் கடைக்காரரிடம் அதைக் காட்டுவது அவ்வளவு சுலபமா? அதைவிட ஒரு துண்டு பேப்பர் வேகமாக வேலை செய்யும்.

அதற்காக மலிவு ஃப்ரேம் வாங்கக் கூடாது என்று அவன் யாருக்கும் சொல்வதில்லை. அவனே அதைத்தான் ஓட்டுகிறான். "அந்த விலையில ஃப்ரேம் மட்டும்தான் வரும். செக்கிங் வராது. அதை நீங்கதான் போட்டுக்கணும்" என்பதுதான் கேட்கிறவர்களுக்கு அவன் பதில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோத்தகிரிக்குப் போகவில்லை. வாஷர் போட்ட சைக்கிளை அவன் முதலில் இரண்டு வாரம் தனியாக ஓட்டினான். ஒவ்வொரு ரைடுக்குப் பிறகும் ரென்ச் வைத்துப் பார்த்தான். சத்தம் இல்லை, உரசல் இல்லை. புது ஆக்சில் வந்து அதையும் பேப்பர் வைத்துப் பார்த்த பிறகுதான் தங்கையைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினான்.

மேலே கிளம்பும் முன், சாவி எங்கே என்று கேட்கிற மாதிரி அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்ணா, பேப்பர் எங்க?"

பையில் இருந்து எடுத்துக் கொடுத்தான். அவளே செருகினாள், அவளே முடுக்கினாள், அவளே இழுத்தாள்.

கிழிந்தது. கிளம்பிவிட்டார்கள்.